நாய் படுத்திருந்த சுவர்

குளிர் என்றால் என்னவென்று போடியில் பிறந்தவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. மார்கழி விடியலில் துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டால் எங்களுக்கு அதுதான் குளிர். வெயில் வந்ததும் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டால் குளிர்காலம் முடிந்தது. இவ்வளவு ஞானத்தோடுதான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், கல்யாணமான மறு வருஷம், குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள நான் மலையேறினேன். கையில் ஒரு தகரப் பெட்டி, முகம் பார்க்க ஒரு கண்ணாடி, நாலைந்து மல் வேட்டி. கம்பளி எங்கே என்று அப்பா கேட்டார். "அதெல்லாம் கெழவங்களுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் பொழுது விடிவதற்குள் நானும் கிழவனாகிவிட்டேன்.

தோட்டத்தில் வீடு என்று ஒன்று இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை, நடுவில் ஒரு கூடம், இரண்டு பக்கமும் அறைகள். கோடையில் மேலே வந்து, கோடையிலேயே கட்டி முடித்து, கோடையிலேயே இறங்கிப் போனவர்கள் கட்டியது போலும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே விரல் போகும். காற்று விரலளவோடு நிற்குமா? குடும்பத்தோடு உள்ளே வந்து உட்கார்ந்தது. விடியும் நேரத்தில் கூரைத் தகரம் வியர்க்கும். கூரை வியர்க்க, அதன் கீழே படுத்திருப்பவன் நடுங்குவான். தேங்காய் எண்ணெயைத் தலையில் தேய்க்க வேண்டுமென்றால் போத்தலுக்குள் குச்சியை விட்டுக் கிண்டி எடுக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தேன். முற்றத்துப் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடந்தது, யாரோ மூட்டை மூட்டையாக உப்பைக் கொண்டுவந்து உதறிவிட்டுப் போனது போல. நான் ஒரு புல்லைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரிக்கவில்லை. நாக்குதான் மரத்துப்போயிற்று. நிமிர்ந்து பார்த்தால், மலைச்சரிவுக்குக் கீழே, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பது போல, போடி ஊர் மஞ்சள் வெயிலில் குளித்துக்கொண்டிருக்கிறது. அங்கே என் சொந்தக்காரர்கள் விசிறியை எடுத்து வீசிக்கொண்டிருப்பார்கள். ஒரே கண்ணால் ஒரே நேரத்தில் இரண்டு காலத்தைப் பார்க்க முடிகிறதே என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வாயைப் பிளந்ததால் பல்லும் கூசியது.

நான் ஒருத்தன் நடுங்குவதில் உலகத்துக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஐப்பசி கடைசியில் என் மனைவி கைப்பிள்ளையோடு மேலே வந்தாள். பிள்ளை பிறந்தது அவளுடைய ஊரான ராசிங்காபுரத்தில். பெண் பிள்ளை, தலை நின்றிருந்தது, தவழத் தொடங்கவில்லை. என் மாமனாருக்குப் பேத்தியை மலைக்கு அனுப்ப மனசே இல்லை. அவர் பருத்திக் காட்டுக்காரர். வெயிலில் விளைவதுதான் வெள்ளாமை, மற்றதெல்லாம் களை என்பது அவருடைய கட்சி. குரங்கணி அடிவாரம் வரை வண்டியில் கொண்டுவந்து விட்டவர், என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்:

"மாப்ளே, பொங்கலுக்கு முந்தி நான் ஒரு தடவ மேல வருவேன். பிள்ளைக்குச் சளி கட்டியிருந்துச்சுன்னாலும் சரி, எம் மக நடுங்கிக்கிட்டு இருந்தாலும் சரி, ரெண்டு பேரையும் கையோட கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் மேல அனுப்பச் சொல்லி எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

அவர் சொன்னால் செய்கிற மனிதர். அந்த வீட்டில் நான் மறுபடி தனியாக, நானே சமைத்து, சமைத்ததை நானே சாப்பிட்டு வாழ வேண்டுமே என்ற பயம் எனக்கு. சமைத்தது போகட்டும், சாப்பிட்டது பெரிய கொடுமை.

மலையில் விறகுக்கா பஞ்சம், நாலு கட்டையை அள்ளிப்போட்டு எரித்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். நிற்கிற மரத்தை வெட்ட முடியாது. மர நிழல் இல்லாவிட்டால் ஏலச்செடி கருகிவிடும். விழுந்த மரமோ மழையில் ஊறிக் கிடக்கும். அதை எரித்தால் தீ வராது, கண்ணீர்தான் வரும். கோடையில் பொறுக்கி அடுக்கிய காய்ந்த விறகு ஒரு அடுக்கு இருந்தது. அது ஸ்டோருக்கு. பறித்த பச்சை ஏலக்காயை உலர்த்துகிற கல்கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். "காஞ்ச கட்ட ஸ்டோருக்கு, ஈரக் கட்ட வீட்டுக்கு" என்பது என் அப்பா போட்ட சட்டம். காயில்லாமல் ஸ்டோரில் ஒரு சுள்ளி எரிந்தாலும் அவருக்குப் போடியிலேயே புகை கண்ணை உறுத்தும்.

ஆக, எனக்கு மிஞ்சியது ஈர விறகும் என் மூளையும். இரண்டும் ஒரே மாதிரி எரியும்.

முதலில் பலகை இடுக்குகளை அடைத்தேன். களிமண்ணில் சாணியைக் குழைத்து, ஒரு பொட்டு இடைவெளி விடாமல் பூசினேன். கூடத்து நடுவில் கும்மட்டி அடுப்பை வைத்து ஈரக் கட்டையைப் பற்றவைத்துக் கதவைச் சாத்தினேன். காற்று உள்ளே வர வழியில்லை என்று பெருமையாக இருந்தது. புகை வெளியே போகவும் வழியில்லை என்பது கொஞ்சம் பிந்தித்தான் புத்திக்கு எட்டியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் ஒரு பக்கம், வேட்டியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் ஒரு பக்கம் வெளியே பாய்ந்து, முற்றத்தில் நின்று இருமினோம். காய் பறிக்க வந்த பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

"என்ன அண்ணே, மீனு கெடைக்காத ஊருன்னு நீங்களே கருவாடா ஆகலாம்னு பாத்தீகளா?" என்றாள் ஒருத்தி.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளுக்குப் பதில் சொன்னாள்: "உப்புப் போடாமப் போட்டுட்டேன் ஆத்தா. நாளைக்குச் சரியாப் பண்ணிருவேன்."

இரண்டாவது யோசனை அவளுடையது. "இம்புட்டுப் பெரிய கூடத்துக்கு எதுக்குங்க சூடு? அங்க யாரு இருக்கா, பேயா? வீட்டச் சூடாக்க முடியலேன்னா வீட்டச் சின்னதாக்குங்க" என்றாள். அது சரியாகத்தான் பட்டது. மற்ற அறைகளைச் சாத்திவிட்டு ஒரே அறைக்குள் சமையல், படுக்கை எல்லாவற்றையும் கொண்டுவந்தோம். ஏலக்காய்ச் சாக்குகளைப் பிரித்து ஒட்டுத் தைத்து, தகரத்துக்குக் கீழே கை எட்டுகிற உயரத்தில் இன்னொரு கூரையாகக் கட்டினேன். கூரையின் வியர்வை சாக்கோடு நின்றது. சமைத்த சூடு மேலே ஓடிப்போகாமல் எங்கள் தலைக்கு மேலேயே தங்கியது. நிமிர்ந்தால் தலை சாக்கில் முட்டும் என்பதால் நான் வீட்டுக்குள் குனிந்தே நடந்தேன். "இப்பத்தான் எனக்கு ஏத்த புருசன் மாதிரி இருக்கீங்க" என்றாள்.

ஆனாலும் அடுப்பு அணைந்த பிறகு குளிர் தரை வழியாக ஏறும். பிள்ளையை எங்கள் இருவருக்கும் நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் நாங்கள் சுவராகப் படுத்துக்கொள்வோம். பிள்ளையின் மூக்குநுனியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பேன். சில்லென்றிருக்கும். எனக்கு உடனே மாமனாரின் மீசை கண்ணில் தெரியும்.

அப்போது எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. எங்கள் நாய் என்று சொல்ல முடியாது. நாங்கள் அதனுடைய ஆட்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். சாப்பாட்டு நேரத்துக்கு வரும், மிச்ச நேரத்தில் எங்களை மதிக்காது. நான் வந்த புதிதில் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தது, காய் பறிப்பு மும்முரமானதும் படுக்கையை மாற்றிக்கொண்டது. அதை முதலில் கவனித்தவள் என் மனைவிதான். ஒரு காலையில் வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"ஏங்க, வெரசா வாங்க. இந்த நாயோட வயித்தத் தொட்டுப் பாருங்க."

"விடிஞ்சதும் விடியாம நாய் வயித்தத் தொடுற சோலியா எனக்கு?"

"தொடுங்கங்கறேன்."

தொட்டேன். இட்லிக் கொப்பரையின் வெளிப்புறம் மாதிரி இருந்தது. புல்லெல்லாம் பனி உறைந்து கிடக்கிற காலையில், ஒரு நாயின் அடிவயிறு மட்டும் எந்த அடுப்பில் இருந்து இறங்கி வருகிறது? அன்று சாயங்காலம் சோறு வைத்துவிட்டு, இருவருமாக அதன் பின்னாலேயே போனோம். ஒரு நாயைத் துப்பறிவதற்குப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பியவர்கள் அந்த மலையில் நாங்களாகத்தான் இருப்போம். அது ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனது. அங்கே சுவரோடு சாய்த்துக் கட்டிய ஒரு சாய்ப்பு உண்டு. காலிச் சாக்கு, உடைந்த கூடை, பிடி போன மண்வெட்டி எல்லாம் போட்டுவைக்கிற இடம். நாய் உள்ளே நுழைந்து, சாக்குக் குவியலில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஸ்டோர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு படுத்து, இப்போது என்ன செய்வதாக உத்தேசம் என்பது போல எங்களைப் பார்த்தது.

நான் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தச் சுவரின் தொடுகை என் கையை விட்டுப் போகவில்லை. தீயின் சூடு இல்லை அது. தீ சுடும், நாம் கையை இழுத்துக்கொள்வோம். இது இழுத்துக்கொள்ளத் தோன்றாத சூடு. ஒரு பெரிய பசுவின் விலாவில் கை வைத்தது போல, கல்லுக்குள் ஏதோ மூச்சு விட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது. வெளியே காற்று ஊளையிட, இங்கே கருங்கல் வெதுவெதுவென்று நிற்கிறது. அவளும் கை வைத்தாள். பிறகு பிள்ளையின் உள்ளங்கையை விரித்துச் சுவரில் பதித்தாள். பிள்ளை கண்ணை அகல விரித்துக்கொண்டு சுவரையே பார்த்தது. எங்கள் மூவருடைய முகமும் அப்போது ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்.

விஷயம் ஒன்றும் மந்திரமில்லை. ஸ்டோருக்கு வெளியே ஒரு பக்கம் அடுப்பு. அதில் எரிகிற தீயின் புகை, ஆள் இடுப்புப் பருமனான தகரக் குழாய் வழியாக ஸ்டோரின் தரையைச் சுற்றி வரும். அந்தச் சூட்டில்தான் தட்டுகளில் பரப்பிய ஏலக்காய் நிறம் போகாமல் உலரும். சுற்றி முடித்த குழாய், பின்சுவரை ஒட்டிப்போய், கூரைக்கு மேலே புகைபோக்கியாக வெளியே நீட்டும். ஒரு தடவை பற்றவைத்தால் இரவும் பகலும் விடாமல் எரிய வேண்டும். ஏலக்காய் தனக்கு வேண்டிய சூட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட, அந்த மிச்சம் போகிற போக்கில் பின்சுவரைத் தடவிக்கொடுத்துவிட்டு வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. நானோ தினமும் அந்த அடுப்பில் கட்டையைத் தள்ளிவிட்டு, நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போய் ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நாய் என்னைப் பற்றி என்ன நினைத்திருக்கும்!

மறுநாளே குடி பெயர்ந்தோம். சாக்குகளை வெளியேற்றி, தரையை மெழுகி, கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். அதே சாக்குக் கூரையை இங்கேயும் கட்டி, திறந்து கிடந்த பக்கத்துக்குச் சாக்குத் திரை தொங்கவிட்டேன். நாய்க்குக் கோபம், ஒரு நாள் முழுக்கச் சோற்றைத் தொடவில்லை. பிறகு கட்டிலுக்கடியில் அதற்கொரு சாக்குப் போட்டு என் மனைவி சமாதானம் பண்ணினாள். அதன்பிறகு குளிர் காய்வதற்கென்று ஒரு சுள்ளிகூட நாங்கள் எரிக்கவில்லை. பிள்ளையின் துணிகள் சுவரில் சாத்தியதுமே உலர்ந்தன. தேங்காய் எண்ணெய் உருகியது. நான் நிமிர்ந்து நடக்கும் பழக்கத்தை மறந்திருந்தேன், அது மட்டும் திரும்பவில்லை.

இப்படி இருக்கையில் மார்கழியில் மழை பிடித்துக்கொண்டது. மலையில் மழை என்றால் மேகத்துக்குள்ளேயே குடியிருக்கிற கதை. ஆள் இறங்கிக் காய் பறிக்க முடியவில்லை. பறித்த கொஞ்சமும் ஸ்டோரின் ஒரு தட்டுக்குக்கூடக் காணாது. ஸ்டோர் அணைந்தது. கல் உடனே ஆறவில்லை. ஒரு பகல் ஒரு இரவு பழையதை நினைத்துக்கொண்டே இருந்துவிட்டு, மெல்ல மெல்ல மறந்து, கடைசியில் வெறும் கல்லானது.

மழை கொஞ்சம் விட்ட ஒரு நண்பகலில், தலையில் துண்டும் கையில் குடையும் தூக்குச்சட்டி நிறைய முறுக்குமாக, மாமனார் வந்து நின்றார்.

நேராக வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவு சாத்திக் கிடக்கிறது. சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன்.

"வீட்டுல யாருமில்ல. எங்க மாப்ளே எம் மக?"

"பின்னாடி இருக்கா மாமா. வாங்க."

சாய்ப்பின் வாசலில் வந்து நின்றார். உள்ளே பார்த்தார். சாக்குக் கூரை, சாக்குத் திரை, கட்டிலுக்கு அடியில் நாய், கட்டிலுக்கு மேலே அவருடைய மகளும் பேத்தியும். அவர் மீசை ஒரு முறை ஏறி இறங்கியது.

"மாப்ளே, எங்க வீட்டு மாட்டுக்கே நான் ஓடு போட்டுக் கொட்டகை கட்டியிருக்கேன்."

"மாமா, அப்படி இல்ல. இந்தச் செவரு நல்லா சூடா இருக்கும். வீட்டவிட இதுதான் வசதி. தொட்டுப் பாருங்க."

சொன்ன பிறகுதான் சுவர் ஆறிப்போனது நினைவுக்கு வந்தது. அவர் தொட்டே விட்டார். கையை எடுத்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா. நல்லாத்தான் இருக்கு. ஐஸ் வண்டிக்காரன் கண்டா வெலைக்குக் கேப்பான்."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை தும்மியது. அதற்கு முன்னும் தும்மவில்லை, பின்னும் தும்மவில்லை. தாத்தாவுக்கென்றே எடுத்துவைத்திருந்த தும்மல்.

"சாமானக் கட்டு ஆத்தா. நாளைக்குக் காலையில வெரசா எறங்கிருவோம்" என்றார் மகளிடம். என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அவள் முகத்தில் கலக்கம் தெரிந்தது. கீழே போனால் அந்தக் காய் பருவம் முழுக்க வர முடியாது, மறுவருஷமும் சந்தேகம்தான். "அப்பா, இன்னிக்கிப் பொழுது போகட்டும். செவரு சூடானதும் பாத்துட்டுப் பேசுங்க" என்றாள். பிறகு என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"ஏங்க, ஸ்டோரப் பத்த வைங்க."

"காயில்லாமயா? ஏ புள்ள, எங்கப்பா கேள்விப்பட்டாரு…"

"ஒங்கப்பா கீழ இருக்காரு. எங்கப்பா இங்க இருக்காரு."

பற்றவைத்தேன். கோடையில் அடுக்கிய காய்ந்த கட்டைகளை, என் அப்பாவின் எலும்புகளையே அள்ளிப் போடுவது போன்ற கூச்சத்தோடு அடுப்புக்குள் தள்ளினேன். வெறும் தட்டுகளைச் சூடாக்குவதற்காக ஒரு மலையில் தீ மூட்டியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். குழாய் படபடவென்று சத்தம் போட்டு விரிந்தது. புகைபோக்கியில் புகை கிளம்பியது. ஈரக் காற்றில் அது மேலே போக மாட்டேனென்று கூரையிலேயே உட்கார்ந்தது. பிறகு சோம்பேறி மாடு போல மெல்ல இறங்கி, ஏலச்செடிகளுக்கு ஊடாகக் காற்று தள்ளிய பக்கமெல்லாம் பரவியது. அது எங்கே போனால் எனக்கென்ன? என் கவலையெல்லாம் சுவர்.

சுவரோ லேசில் அசைவதாக இல்லை. போய்த் தொடுவேன், சில். திரும்பி வந்து கட்டை போடுவேன். மறுபடி போய்த் தொடுவேன், சில். மாமனார் கட்டிலில் சுவரோடு சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்துச் சாக்கை முறைத்துக்கொண்டிருந்தார். நான் தொட வருகிறபோதெல்லாம் முறைப்பைச் சாக்கிலிருந்து என் பக்கம் திருப்புவார். விறகு அடுக்கு கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தது. அது தீர்வதற்குள் கல் விழித்துக்கொள்ளுமா, இல்லை அப்பாவின் விறகும் போய்ப் பெண்டாட்டியும் போய்க் கடைசியில் நாயும் நானும்தான் மிஞ்சப்போகிறோமா என்று தெரியவில்லை.

அப்போது மேகத்துக்குள்ளிருந்து ஒரு உருவம் வெளிப்பட்டது. தலையில் சாக்கு மூட்டை, கக்கத்தில் இரண்டு விறகுக் கட்டை. என்னைக் கருவாடாக்கிப் பேசிய அதே பெண்தான். கீழ்ச் சரிவில் அவளுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ஏலச்செடி உண்டு.

"பத்த வச்சிட்டீகளா அண்ணே! நல்லாயிருப்பீக. பறிச்ச காயி அழுகிப் போகுமேன்னு கெதக்குன்னு இருந்துச்சு. மோப்பம் புடிக்கிற மாதிரி மோந்து மோந்து பாத்துக்கிட்டே இருந்தோம், எங்கயாச்சும் பொகை வருதான்னு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்குப் பின்னாலேயே இன்னொருவர். பிறகு இருவர். ஒவ்வொருவர் தலையிலும் ஈரச் சாக்கு, கையிலோ தோளிலோ விறகு. மேல் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மலையாளத்துக்காரரும் மூட்டையோடு வந்துவிட்டார். "எந்தொரு தணுப்பு!" என்று மூட்டையை இறக்கினார். தணுப்பு என்றால் அவர்கள் பேச்சில் குளிர். அடுப்பு வாயில் கையைக் காட்டிக்கொண்டு, "எங்க பக்கத்து ஸ்டோரெல்லாம் தீ கெட்டு கிடக்கு. நிங்களாவது பத்த வச்சது பாக்கியம்" என்றார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சொந்தமாக ஸ்டோர் இல்லாத சின்னத் தோட்டக்காரர்கள் எங்கள் ஸ்டோரில் காய் உலர்த்துவதும், வரும்போது ஆளுக்குக் கொஞ்சம் விறகு கொண்டுவருவதும் எனக்குத் தெரியும். எங்கள் வேலைக்காரர்கள் அவர்களுக்கு ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். யாரும் யாருக்கும் சொல்லி அனுப்புவதில்லை. புகைதான் ஆள். மழையில் ஒவ்வொருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் காய் சேர்ந்திருக்கிறது. ஒருவருடையது ஒரு ஸ்டோரை நிரப்பாது. நிரம்பாமல் பற்றவைத்தால் விறகு பாழ். அதனால் மலை முழுக்க எல்லோரும், வேறு யாராவது முதலில் பற்றவைப்பார்கள் என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள். அந்த 'வேறு யாராவது' மாமனாருக்குப் பயந்த ஒரு மருமகனாக வாய்த்தான்.

"என்ன அண்ணே, ஒங்க காயி எங்க?" என்று உள்ளே எட்டிப் பார்த்தாள் அந்தப் பெண். "தட்டெல்லாம் வெறுசாக் கெடக்கு?"

நான் முகத்தைக் கம்பீரமாக வைத்துக்கொண்டேன். "நீங்கள்லாம் வருவீங்கன்னுதான் எடம் விட்டு வச்சேன்."

எனக்குப் பின்னால் என் மனைவி முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்ட சிரிப்பு, அடுப்பின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

இருட்டுவதற்குள் தட்டுகள் நிறைந்துவிட்டன. அதைவிட, என் அடுக்கு நிறைந்துவிட்டது. கொண்டுவந்த விறகில் காய்ந்ததைத் தீக்குக் கொடுத்தார்கள். ஈரமானதைச் சாய்ப்பின் திறந்த பக்கத்தில், காற்று வருகிற முகத்தில், ஆள் உயரத்துக்கு அடுக்கினார்கள். சுவரின் சூட்டில் அது தானாகக் காயும் என்று. வரிசை ஏற ஏற, சாக்குத் திரை ஆடுவது நின்றது. ஒரு பக்கம் சூடான கல், மறு பக்கம் விறகு மதில். நடுவில் என் பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கிடந்தாள். யார் யாரோ கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்த கட்டைகள், யார் பெயரும் எழுதாமல், அவளைச் சுற்றி ஒரு வீடாக எழும்பியதை நான் நின்று பார்த்தேன். கேலி பேச வாய் வரவில்லை. எனக்கு அது அதிசயம்தான்.

பச்சை ஏலக்காயில் சூடு ஏறும்போது ஒரு மணம் கிளம்பும். முதலில் ஈரப் புல் மணம், பிறகு அதற்குள்ளிருந்து இன்னொன்று, மூக்கைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்குகிற ஒன்று. அது சாய்ப்புக்குள் மெல்லப் பரவியது.

"மாப்ளே" என்று உள்ளேயிருந்து குரல்.

போனேன். மாமனார் கைக்கட்டை அவிழ்த்திருந்தார். சட்டையையும் தளர்த்தியிருந்தார். முதுகை முழுதாகச் சுவருக்குக் கொடுத்துவிட்டு, கோயிலில் தீபாராதனை பார்க்கிறவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"இங்க வா. தொட்டுப் பாரு" என்றார் ரகசியமாக, அந்தச் சுவரை அவரே கண்டுபிடித்து எனக்குக் காட்டுவது போல.

தொட்டேன். கல் விழித்துக்கொண்டிருந்தது.

"உள்ள என்னமோ உசுரு இருக்கு மாப்ளே."

"ஆமா மாமா."

வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணை அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். "ஏம்மா, காயி ஒன்னோடது சரி. வெறகு எதுக்கு? இந்த ஊர்ல வெறகாத்தான் கூலி வாங்குவாகளா?"

"கூலி என்ன அப்பு கூலி. தீயிருக்கிற எடத்துக்குக் கைய வீசிக்கிட்டு வரலாமா?"

அவர் தன் கையைப் பார்த்தார். பிறகு முறுக்குச் சட்டியைத் திறந்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கச் சொன்னார். கொடுத்து முடிந்த பிறகும் ஏதோ குறைகிறது என்பது போலவே உட்கார்ந்திருந்தார்.

காலையில் இறங்குவோம் என்றவர் காலையில் எழுந்திருக்கவே மறுத்துவிட்டார். காய் இறக்கும்வரை இருந்து பார்க்கிறேன் என்றார். காய் இறக்கியதும், அடுத்த காய் ஏற்றட்டும் என்றார். அதற்குள் வெயில் வந்து பறிப்பும் தொடங்கிவிட்டது. நாய்க்கும் அவருக்கும் கட்டிலின் சுவரோரத்தைப் பற்றித் தகராறு வந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு காலை, குடையை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். மகளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சுவரில் ஒரு முறை உள்ளங்கையை வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

மாசியில் மறுபடி வந்தார். வளைவில் தலை தெரிவதற்கு முன்பே ஏதோ பெரிய புதர் நடந்து வருவது தெரிந்தது. கிட்டே வந்ததும்தான், புதருக்குக் கீழே அவர் இருப்பது தெரிந்தது. பருத்தி எடுத்து முடிந்த காட்டிலிருந்து பிடுங்கிக் காயவைத்த பருத்திமாரை ஒரு கட்டாகக் கட்டி, அடிவாரத்திலிருந்து தலையிலேயே சுமந்து வந்திருக்கிறார். காடு அடர்ந்த மலைக்கு ராசிங்காபுரத்திலிருந்து விறகு கொண்டுவந்த மனிதர்!

"மாமா, பருத்திமாரு பீடி பத்த வைக்கிறதுக்குள்ள எரிஞ்சு போயிருமே" என்றேன்.

"போனாப் போகட்டும். பேசாம வழிய விடு."

யாரையும் தொடவிடவில்லை. அவரே அடுப்புக்கு முன் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்து, கைகொள்ளும் மட்டும் அள்ளி அள்ளி உள்ளே போட்டார். நான் சொன்னது போலவே அது பட்டாசு மாதிரி பொரிந்து, ஒரு மூச்சில் எரிந்து தீர்ந்தது. அவர் எழுந்து, வேட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, வேகமாக ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

பேத்தி கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிக்கொண்டிருந்தாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, தன்னுடைய சூடு வந்து சேர்ந்துவிட்டதா என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.